நாவின் அறிக்கையும் பந்தியின் சாட்சியும்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அமைப்பாளர்கள் எனக்கே விட்டார்கள். கிறிஸ்தவ சமயத்தில் மெய்யான விசுவாசத்துக்கும் வெறும் வாயறிக்கைக்கும் உள்ள வேற்றுமை தமிழ் மண்ணில் எங்கே, எவ்விதமாகச் சோதிக்கப்பட்டது என்னும் சரித்திர விசாரணையை எடுத்துக்கொண்டேன். இவ்வேற்றுமையைப் பற்றிப் பிரசங்க பீடங்களில் பேசப்படாத வாரமே இல்லை. ஆயினும் அங்கே அது பெரும்பாலும் தனிமனிதனுடைய அந்தரங்கச் சுத்தத்தைப் பற்றிய பேச்சாக, குடி, கோபம், பொய் என்பவற்றின் பட்டியலாக முடிந்துவிடுகிறது. இந்நாட்டுச் சபை இருநூறு முந்நூறு ஆண்டுகளாகப் பகிரங்கமாக எழுதிய பரீட்சை ஒன்று உண்டு. அதன் விடைத்தாள்கள் நம் கைவசம் இருக்கின்றன. அவற்றைத்தான் இன்று பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

மத்தேயுவின் சுவிசேஷத்தில் இயேசு கூறும் இரண்டு குமாரரின் உவமை உங்களுக்குத் தெரிந்ததே. திராட்சத் தோட்டத்தில் வேலை செய்யும்படி தகப்பன் இருவரையும் அழைக்கிறான். ஒருவன் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டுப் பிறகு மனம் வருந்திப் போகிறான்; மற்றவன் மிக்க மரியாதையோடு சம்மதித்துவிட்டுப் போகாமலிருக்கிறான். இவ்விரண்டாம் மகன் தகப்பனைப் பகைத்தவன் அல்லன். அவன் வாயிலிருந்து வந்த மரியாதைச் சொல் அப்பொழுது அவன் மனத்திலும் இருந்திருக்கலாம். ஆனால் வெயிலில் இறங்கும் வேளை வந்தபோது அந்தச் சொல் அவனைத் தூக்கி நிறுத்தவில்லை. வாயறிக்கை என்பது எப்போதும் வேண்டுமென்றே சொன்ன பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கிரயம் கேட்கப்படாத வரையில் அது உண்மை போலவே வாழ முடியும். ஆகவே ஒரு சமூகத்தின் விசுவாசத்தை அறிய வேண்டுமானால், கீழ்ப்படிதல் அதற்கு நட்டமாக முடியும் இடம் எது என்று கண்டு, அவ்விடத்தில் அது செய்தது என்ன என்று பார்க்க வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவ சமூகத்துக்கு அவ்விடம் சாதி. அதிலும் குறிப்பாகத் திருவிருந்துப் பந்தி, ஆலயத்தின் இருக்கை, கல்லறைத் தோட்டம், மணவறை என்னும் நான்கு. இதுவே என் துணிபு. இதனைச் சில கூறுகளாக விரித்துரைக்கிறேன்.

1. முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். நாம் கூடியிருக்கும் இந்த மண்டபத்திலிருந்து கடலை நோக்கி நடந்தால் சாந்தோம் ஆலயத்தின் வெண்ணிறக் கோபுரம் தெரியும். போர்த்துகீசியர் 1523-இல் எழுப்பிய பழைய கோயிலுக்குப் பதிலாக 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் அது. இயேசுவின் சீடராகிய தோமா மயிலையில் போதித்தார், பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார், இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது நெடுங்காலப் பாரம்பரியம். சரித்திர ஆசிரியர்களுக்குள் அதைப் பற்றிய வாதம் தீரவில்லை. அதைத் தீர்ப்பது இன்று என் வேலையும் அன்று. அப்பாரம்பரியம் தோமாவை எப்படிப்பட்ட மனிதராக நினைவில் வைத்திருக்கிறது என்பதே எனக்கு வேண்டியது.

மூன்றாம் நூற்றாண்டளவில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமாவின் நடபடிகள்' என்னும் நூலில் ஒரு கதை வருகிறது. கொண்டபோரஸ் என்னும் அரசன் (இப்பெயருடைய அரசன் இருந்தான் என்பதற்கு அவனுடைய நாணயங்களே சாட்சி) தச்சு வேலையிலும் கட்டட வேலையிலும் வல்லவரான தோமாவிடம் பெரும்பொருள் கொடுத்து ஓர் அரண்மனை கட்டச் சொல்கிறான். தோமா அப்பொருளை ஊர் ஊராகச் சென்று ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்று அரசன் கேட்க, அது பரலோகத்தில் கட்டப்பட்டிருக்கிறது, இவ்வுலகை விட்ட பிறகே காண முடியும் என்று விடை வருகிறது. சிறையிலிடப்படுகிறார். அதற்குள் அரசனுடைய சகோதரன் இறந்து, அந்த மாளிகையை மறுமையில் கண்டு, உயிர் மீண்டு வந்து சாட்சி கூறுகிறான். இது புராணக் கதைதான். ஆயினும், தோமா என்ற பெயரைக் கேட்டவுடன் சந்தேகப்பட்டவர் என்று சொல்லும் உலகத்தில், கிழக்குத் திருச்சபை அவரைத் தன் கையிலிருந்த பொருளை ஆண்டவர் சொன்ன இடத்தில் செலவிட்டவராகவே நினைவுகூர்ந்தது என்பதை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. யோவான் சுவிசேஷத்திலும், ஆபத்து நிறைந்த யூதேயாவுக்கு இயேசு திரும்பிப் போகத் துணிந்தபோது, அவரோடு சென்று தாமும் மரிக்கலாம் என்று மற்றச் சீடரை அழைத்தவர் இதே தோமாதான். விசுவாச அறிக்கை செய்வதில் மற்றவர்களுக்குப் பிந்தியவர், புறப்படுவதில் முந்தியவராக இருந்தார். உவமையின் முதல் மகனுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. அம்மனிதரின் பெயரைத் தாங்கிய கடற்கரையில் நாம் குடியிருக்கிறோம்.

2. இனித் தரங்கம்பாடிக்குப் போவோம். மிஷனரியாகிய சீகன்பால்கு 1706-இல் அங்கே வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, 1715-இல் அச்சிட்டு முடித்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அந்த அச்சுப் புத்தகம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. தஞ்சை அரசனுடைய படையில் சேவகம் செய்த இராசநாயக்கன் என்பவர், 1700-இல் பிறந்தவர், தலைமுறைகளாகக் கத்தோலிக்கக் குடும்பம், பறையர் குலத்தினர். அச்சிட்ட சுவிசேஷங்கள் அவருக்குக் கிடைத்தன. அவற்றைப் படித்தே அவர் மனம் மாறியது. எந்தப் பிரசங்கியும் அவரைத் தேடிப் போகவில்லை. அவரே மிஷனரிகளைத் தேடிக் கண்டுபிடித்தார். பின்பு படைவேலையைத் துறந்து, தஞ்சைச் சீமையில் உபதேசியாராகச் சுற்றத் தொடங்கினார். அதனால் அவரும் அவர் குடும்பத்தாரும் அடைந்த துன்பங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

1733-இல் வேளாளரான ஆரோன் என்பவருக்குத் தரங்கம்பாடியில் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்நாட்டுப் புராட்டஸ்டண்டுச் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர், தகுதியுடையவர், அவரைப் பற்றிக் குறை கூற ஒன்றுமில்லை. இரண்டாவது ஒருவருக்குக் குருப்பட்டம் அளிக்க வேண்டி வந்தபோது இராசநாயக்கனுடைய பெயர் எழுந்தது. அறிவிலோ ஒழுக்கத்திலோ ஊழியத்திலோ அவர் குறைந்தவர் என்று யாரும் சொல்லவில்லை. பறையரான ஒருவர் கையிலிருந்து அப்பத்தையும் பாத்திரத்தையும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வாங்கமாட்டார்கள் என்பதே தடையாக நின்றது. மிஷனரிகள் அத்தடைக்கு இணங்கினார்கள். 1741-இல் தியோகு என்பவர் அப்பட்டத்தைப் பெற்றார்.

அந்தப் பந்தியை நாம் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் அப்பத் தட்டும் திராட்சரசப் பாத்திரமும். எதிரே முழங்காலிட்டிருப்பவர்கள் சற்றுமுன்தான் பாவமன்னிப்பில் தமக்குள்ள விசுவாசத்தையும், பரிசுத்தவான்களுடைய ஐக்கியத்தில் தமக்குள்ள விசுவாசத்தையும் ஒரே குரலாக அறிக்கையிட்டவர்கள். அவ்வறிக்கையில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் விடவில்லை. உச்சரிப்பில் பிழையில்லை, உபதேசத்தில் வேதப்புரட்டு இல்லை. அந்த வாசகத்தை எழுதிய பண்டைச் சபையார் வந்து கேட்டாலும் திருப்தியடைந்திருப்பார்கள். ஆனால் அந்தத் தட்டை ஏந்த வேண்டிய கை எது என்னும் கேள்வி வந்த கணத்தில், அறிக்கை முழுவதும் உதட்டளவில் நின்றுபோயிற்று. இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் இராசநாயக்கனைப் பாருங்கள். பட்டம் மறுக்கப்பட்ட பிறகும் அவர் சபையை விட்டு விலகவில்லை. தமக்கென்று ஒரு கூட்டத்தைத் திரட்டவில்லை. 1771-இல் மரிக்கும்வரை உபதேசியாராகவே உழைத்தார். அவருடைய பொறுமையைப் புகழ்ந்து, அதன் மறைவில் சபை தப்பித்துக்கொள்ள நாம் இடம் கொடுக்கலாகாது. அநீதியைப் பொறுத்தவரின் பெருமை, அநீதி செய்தவர்களின் கணக்கில் வரவாக எழுதத்தக்கது அன்று.

3. மூன்றாவது விடைத்தாள் சென்னையிலேயே இருக்கிறது. கல்கத்தா ஆயராகிய தானியேல் வில்சன் 1833 ஜூலையில் ஒரு நிருபம் விடுத்தார். சபைக்குள் சாதி வேற்றுமையைக் காலம் கடத்தாமல் முற்றாக ஒழிக்க வேண்டும், இருக்கையிலும் திருவிருந்திலும் அதற்கு இடமிருக்கலாகாது என்பது அதன் சாரம். வேப்பேரிச் சபையிலும் தஞ்சைச் சபையிலும் அந்த நிருபத்தால் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. கூட்டங்கூட்டமாக மக்கள் வெளியேறினர். முந்தின ஞாயிறு வரை பக்தியோடு பாடிய குடும்பங்கள், அடுத்தவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றவுடன் ஆலயத்தையே துறக்கத் துணிந்தன.

இங்கே ஒருவரைப் பற்றி நான் விரிவாகப் பேசியாக வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மிஷனரியாகிய சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்து கல்வி கற்றவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். இன்றும் தமிழ்ச் சபைகளில் அவருடைய கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. அப்பாடல்களைப் பாடிக் கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருவன். அந்தச் சாஸ்திரியாரே இவ்விஷயத்தில் வேளாளர் பக்கம் நின்று, புதிய மிஷனரிகளின் கட்டாயத்தை எதிர்த்து எழுதினார். அவர்களோடு முரண்பட்டுப் பதவியையும் இழந்தார். பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துவது, சாதிகளை வலிந்து கலப்பது, விழாக்களில் பூவை விலக்குவது, தமிழிசைக் கீர்த்தனையைத் தடுப்பது ஆகிய நான்கையும் கொடுமைகளாக அவர் எண்ணினார். இவற்றுள் மொழியைப் பற்றியும் பூவைப் பற்றியும் இசையைப் பற்றியும் அவர் கூறியவை பெரிதும் நியாயம் என்றே பிற்காலம் தீர்ப்பளித்திருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தமக்குள்ளே அந்தஸ்து பார்க்கிறார்கள், நம்மவரோடு சமமாக உண்பதில்லை என்று அவர் எடுத்துக்காட்டியதிலும் உண்மை இருந்தது. சாதியைப் பற்றிய ஒன்றில் மாத்திரம், என் அபிப்பிராயத்தில், அவர் பெரிதும் தவறினார்.

இதனால் சாஸ்திரியாருடைய விசுவாசம் வெறும் வேஷம் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அப்படிச் சொல்பவர் அவருடைய வாழ்க்கையை அறியாதவர். மெய்யான விசுவாசிகள் ஒரு வரிசை, வாயறிக்கைக்காரர்கள் ஒரு வரிசை என்று மனிதரைப் பிரித்து நிறுத்துவது எளிது. சரித்திரம் அதற்கு உடன்படுவதில்லை. அந்தக் கோடு ஒரே மனிதனுடைய உள்ளத்தின் குறுக்கே ஓடுகிறது. பாட்டில் உயிரையே பெய்த ஒரு பக்தர், பந்தியில் பிறப்பைக் கணக்கிட்டார். நம்மில் யாரும் இதற்குப் புறம்பானவர் அல்லர் என்பதால்தான் இது விசாரணைக்குரியதாகிறது.

வில்சன் ஆயரைப் போல் உத்தரவினால் சாதியை ஒழிக்கும் முறையிலும் ஒரு குறை உண்டு. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உண்ணச் சம்மதியாதவரைத் திருவிருந்தில் சேர்ப்பதில்லை என்னும் நிலைக்கு வந்தது. அன்பின் விருந்து என்ற பெயரில் சமபந்தி நடத்தி, யார் உண்கிறார்கள் என்று கண்காணித்தார்கள். நோக்கம் உத்தமமானது, அதைவிட மெதுவான வழியில் ஒன்றுமே நடந்திராது என்பதும் மெய். எனினும், உத்தரவுக்காக உண்ட ஒரு கவளம் மறுபடியும் ஒரு வாயறிக்கையாகவே ஆகிவிடக் கூடியது. பந்தியில் உண்டவன் தன் வீட்டுத் திண்ணையில் அதே மனிதனை உட்காரவைப்பானா என்பதை எந்த மாநாடும் கண்காணிக்க இயலாது. உத்தரவு கதவைத் திறக்கலாம். உள்ளே போகிறவன் தானே போக வேண்டும்.

தாமே நட்டமேற்றுக் கீழ்ப்படிந்ததற்கு அதே சென்னையில் ஓர் உதாரணம் உண்டு. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளி, பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. தொடங்கிய சில காலத்திலேயே பறையர் குலத்துச் சிறுவர்களை அதில் சேர்த்தார்கள் என்பதற்காகப் பிற சாதி மாணவர்கள் திரளாக வெளியேறினார்கள். அச்சிறுவர்களை விலக்கிவிட்டால் பள்ளி பிழைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆண்டர்சன் விலக்கவில்லை. பள்ளி மூடப்பட்டாலும் சரி என்ற துணிவோடு நின்றார், பள்ளி மூடப்படவில்லை, வெளியேறியவர்கள் சிறுகச் சிறுகத் திரும்பினார்கள். அவர்கள் திரும்பாமலே போயிருந்தாலும் அவர் செய்தது சரியே.

4. இவ்விடத்தில் சாஸ்திர ஞானமுள்ள அன்பர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு மனிதன் இரட்சிக்கப்படுகிறான், கிரியைகளினால் அன்று என்பதல்லவா சுவிசேஷம்? கிரியையை வற்புறுத்திய யாக்கோபின் நிருபத்தை லூத்தர் வைக்கோலுக்கு ஒப்பிட்டுப் பேசவில்லையா? நீர் கீழ்ப்படிதலை உரைகல்லாக்கினால் கிருபை எங்கே?

ஆட்சேபம் நியாயமானது, விடையும் லூத்தரின் சபையிலிருந்தே வந்திருக்கிறது. லூத்தரன் குருவாகிய போன்ஹோஃபர், ஜெர்மனியின் சபைகள் பெருவாரியாக ஹிட்லருக்கு இணங்கிக்கொண்டிருந்த வேளையில், 1937-இல் சீடத்துவத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கிரயமில்லாமல் விநியோகிக்கப்படும் கிருபையே சபையின் பெருஞ்சத்துரு என்பது அதன் அடிநாதம். விசுவாசிக்கிறவனே கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிகிறவனே விசுவாசிக்கிறான் என்று இரண்டையும் பிரிக்கவொண்ணாதபடி அவர் பிணைத்தார். 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டு மாண்டார். கீழ்ப்படிதல் இரட்சிப்பின் விலை என்று நானும் கூறவில்லை. விசுவாசம் உயிரோடிருக்கிறது என்பதற்கு அதைத் தவிர வேறு அடையாளம் நமக்குத் தரப்படவில்லை என்றே கூறுகிறேன். வேப்பேரியில் வெளியேறியவர்களின் உபதேசத்தில் பழுதில்லை. கிருபையைப் பற்றி அவர்கள் கற்றது செம்மையாகவே இருந்தது. பழுது வேறிடத்தில் இருந்தது.

5. கத்தோலிக்கச் சபையின் சரிதமும் இதே தன்மையது, சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரையில் தத்துவ போதகர் என்னும் நோபிலி கையாண்ட முறைகள் ரோமாபுரி வரை வழக்காயின. பூணூலையும் குடுமியையும் புதுக் கிறிஸ்தவர் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அனுமதித்தார். அதே ஆணையில், குலப்பெருமை உடையோர் எளியோரை, விசேஷமாக ஆலயத்தில், இகழலாகாது என்றும் வேண்டிக்கொண்டார். அனுமதியைத் தமிழகம் உடனே நிறைவேற்றிற்று. வேண்டுகோள் ஏட்டிலேயே தங்கிற்று.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் இரண்டு நடைக்கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து கூடும்படி ஓர் ஆலயமே எழுந்தது; ஒன்றில் மேல்சாதியார், மற்றதில் ஏனையோர். பீடம் ஒன்று, பலி ஒன்று, குரு ஒருவர். ஆராதிப்போர் ஒருவரையொருவர் காணாதபடி நடுவே பிரிவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பிரிவினை அகற்றப்பட்டபோது, தனியிடம் தங்கள் உரிமை என்று வேளாளரும் முதலியாரும் வழக்காடினர். முதல் உலகப் போர்க் காலத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கையை ஏற்க மறுத்தது. தேவனுடைய சந்நிதியில் அருகருகே முழங்காலிட மாட்டோம் என்று கேட்பதற்குச் சர்க்கார் நீதிமன்றத்தின் படியேறினார்கள் என்பதை எண்ணும்போது என் மனம் இன்றும் கலங்குகிறது.

6. இனி நான் சொல்லப்போவது, இவ்வாராய்ச்சியில் எனக்கு மிகவும் வியப்பூட்டிய செய்தி. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள், நமக்கு அடுத்திருக்கும் கதீட்ரல் சாலையில் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் முன்னரே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கியச் சபை ஆகியவை ஒன்றாயின. 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. ஆயர் பட்டத்தின் செல்லுபடி, குருத்துவத்தின் வழிமுறை முதலிய கடினமான உபதேசச் சிக்கல்களை அவிழ்க்கவே அத்தனை காலம் பிடித்தது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் பிரிந்து நின்ற சபைகளை நம் சென்னை ஒரே பந்தியில் அமர்த்திற்று. உலகக் கிறிஸ்தவம் வியந்து பார்த்த நாள் அது. நமக்குப் பெருமையான நாள்.

ஆனால் பாருங்கள்: உபதேசத்தில் வேரூன்றிய பிரிவினைகளை 28 ஆண்டுகளில் தீர்த்துக்கொண்ட நாம், எந்த விசுவாசப் பிரமாணமும் ஆதரிக்காத, எந்த வேத வாக்கியமும் தாங்காத சாதிப் பிரிவினையை முந்நூறு ஆண்டுகளாகத் தீர்க்கவில்லை. அறிக்கை பற்றிய வழக்குகள் பேச்சினால் தீரும்; கீழ்ப்படிதல் பற்றிய வழக்கு பேச்சினால் தீராது. இந்த ஐக்கியத்துக்காக உழைத்து, அதைக் காணாமலே 1945-இல் மறைந்த அசரியா ஆயர் இதை நன்கறிந்தவர். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அவர், 1910-இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகள் இந்தியாவுக்காகப் பொருளையும் உயிரையும் தந்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டு, அவற்றோடு சிநேகத்தையும் தாருங்கள் என்று கேட்டார். வெள்ளையரை நோக்கிக் கேட்ட அக்கேள்வியைத் தமிழ்ச் சபை தன்னை நோக்கியும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தருமத்தில் சபை குறைவைக்கவில்லை: மயிலையின் கல்யாணி மருத்துவமனையும் வடசென்னையின் ரெயினி மருத்துவமனையும் சாதி கேளாமல் நோயாளரைப் பேணியவை. சபையின் தருமம் மெய்யானது. ஆனால் தருமம் கொடுக்கிறவனை மேலேயே வைத்திருக்கிறது. சிநேகம் அவனைக் கீழே இறக்குகிறது. ஆகையால்தான் முன்னது எளிதாயிற்று, பின்னது அரிதாயிற்று.

7. கடைசியாக, எழும்பூரில் சாலையோரத்தில் அமர்ந்து செருப்புத் தைத்த ஒரு தொழிலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆதித்திராவிடர், கிறிஸ்தவர். பட்டியல் சாதியினரான செருப்புத் தொழிலாளருக்குச் சர்க்கார் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, அதே நடைபாதையில் அதே தொழில் செய்த அவருக்குக் கிறிஸ்தவர் என்ற காரணத்தால் கிடைக்கவில்லை. 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணைப்படி இந்துக்களும், 1956-இல் செய்த திருத்தத்தால் சீக்கியரும் மட்டுமே அப்போது பட்டியல் சாதியினராகக் கருதப்பட்டனர்; 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மாத்திரம் போதாது, அதனால் வரும் இழிவும் துன்பமும் கிறிஸ்தவ சமூகத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதற்கு ஆதாரம் வேண்டும், அது காட்டப்படவில்லை என்று 1985-இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளிற்று.

அந்த ஆதாரம் எங்கே இருந்தது? நம்மிடம் இருந்தது. கல்லறைத் தோட்டங்களில், பெஞ்சு வரிசைகளில், திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுவே நின்ற சுவரில் இருந்தது. எங்களுக்குள் சாதியில்லை என்று மேடைதோறும் நாம் செய்த அறிக்கை, அந்தத் தொழிலாளிக்கு எதிராகவே நின்றது. வெறும் அறிக்கை தீங்கற்றது என்று நினைக்கிறவர்கள் இவ்வழக்கைப் படிக்கவேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கையில், தீண்டாமை சபைக்குள்ளேயே உண்டு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. காலம் தாழ்ந்த ஒப்புதல். ஆயினும், மறுத்துவிட்டுப் பின்பு மனம் வருந்தியவனுடைய திசையில் வைத்த அடி என்றே அதை நான் மதிக்கிறேன்.

அன்பர்களே, நான் சொன்னவை பழங்கதையாகிவிட்டன என்று நகரவாசிகளாகிய நீங்கள் எண்ணலாம். அடையாற்றிலும் தியாகராய நகரிலும் இன்று ஆலயத்துக்குள் யார் எங்கே உட்காருகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை, பாத்திரம் ஒன்றே. அது மெய்யான முன்னேற்றம். அதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி செலுத்துகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின் நடுவே குருவானவர் திருமண ஓலை வாசிக்கிறார், இவ்விருவரும் மணம் புரிவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர் தெரிவிக்கலாம் என்கிறார், சபை மௌனமாயிருக்கிறது. தடை ஒன்றும் இல்லாததற்குக் காரணம், ஓலை எழுதப்படுவதற்கு முன்னரே, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் வரன் விளம்பரத்தில், கிறிஸ்தவர் என்ற சொல்லுக்கு அடுத்தாற்போல் அச்சான இன்னொரு பெயர் தடைகளையெல்லாம் தீர்த்துவைத்திருப்பதே. பந்தியிலும் பெஞ்சிலும் நாம் ஓரளவு கீழ்ப்படிந்துவிட்டோம். அங்கே இப்போது நட்டமில்லை. நட்டம் மணவறைக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. கிராமங்களில் அது கல்லறையை விட்டும் இன்னும் பெயரவில்லை.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அவையில் சேகரக் குழுவிலும் பங்குப் பேரவையிலும் அங்கம் வகிப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் முன்னோருடைய கிராமச் சபைகளோடு உங்களுக்கு இன்னும் தொடர்பு உண்டு. திருவிழாவுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் போகிறீர்கள், நன்கொடை அனுப்புகிறீர்கள். அடுத்த முறை போகும்போது அங்குள்ள கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லுங்கள். யாரை எங்கே அடக்கம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பிரிவு இருந்தால், அது நீங்கும்வரை நன்கொடை வராது என்று எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வரன் தேடும் விளம்பரத்தை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். அதில் அந்த இரண்டாம் பெயரை எழுதாதிருங்கள்.